புத்தகப் பெட்டிக்குப் பூட்டு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியிருப்புப் பகுதிகளில் வாசலோரமாக வைக்கப்படும் இலவசப் புத்தகப் பெட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் சில நாட்களாக வாசகர் கடிதங்கள் வெளிவந்துகொண்டிருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: எடுத்துச் செல்பவர்கள் திருப்பி வைப்பதில்லை, சிலர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள், ஆகவே பெட்டிக்குப் பூட்டோ பதிவேடோ கண்காணிப்புக் கேமராவோ தேவை என்கிறார்கள். வீட்டு மதிலோரம் ஆறு ஆண்டுகளாக அப்படியொரு பெட்டியைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், இந்தக் கவலை தவறான பக்கத்தை நோக்கியிருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். வெளியே போகும் புத்தகங்களால் எந்தப் பெட்டியும் அழிந்ததாக நான் கண்டதில்லை. உள்ளே வந்து சேரும் புத்தகங்களால்தான் அது மெல்ல மெல்லச் சாகிறது.

பெட்டி வைத்த மூன்றாம் ஆண்டில் ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால், அதில் இருந்த நாற்பது புத்தகங்களையும் காணவில்லை. எனக்கும் கோபம் வரத்தான் செய்தது. எல்லாம் பழைய புத்தக விற்பனைக்குப் போயிருக்கும் என்று அக்கம்பக்கத்தார் அடித்துச் சொன்னார்கள், அப்படியே இருக்கலாம். ஆனால் மூன்று வாரங்களுக்குள் பெட்டி மறுபடியும் நிரம்பிவிட்டது. காலியாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இரக்கப்பட்டோ என்னவோ, தங்கள் அலமாரியிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்து வந்து வைத்தார்கள்; அதற்கு முன்பு அந்தப் பெட்டியில் அத்தனை தரமான நூல்கள் ஒருசேர இருந்ததில்லை என்றே சொல்வேன். அதன் பிறகு, வந்து சேரும் ஒவ்வொரு புத்தகத்திலும் தலைப்புப் பக்கம், நடுவில் ஏதேனும் ஒரு பக்கம், மூடிய தாள்களின் விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் ‘இலவசம், விற்பனைக்கு அல்ல’ என்று ரப்பர் முத்திரை குத்தும் வழக்கத்தைத் தொடங்கினேன். விற்க நினைப்பவருக்கு அந்த முத்திரை இடைஞ்சல். படிக்க எடுப்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பெட்டி ஒரே இரவில் காலியாவது அதற்குப் பிறகு நடக்கவில்லை.

மறு ஆண்டு குடும்பக் காரணங்களால் நான்கு மாதங்கள் வேறிடத்தில் தங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கதவைச் சாத்த முடியாத அளவுக்குப் பெட்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. பாடத்திட்டம் மாறிப்போன தேர்வு வழிகாட்டிகள், இன்று எந்தக் கணினியிலும் ஓடாத மென்பொருள்களுக்கான கையேடுகள், கலைக்களஞ்சியம் ஒன்றின் மூன்றாம் தொகுதி மட்டும், முதல் பதினாறு பக்கங்கள் உதிர்ந்துபோன ஒரு நாவல், யாரோ பாதிவரை கணக்கு எழுதி விட்டுவிட்ட நாட்குறிப்பு, இவற்றோடு ஒரு சலவை இயந்திரத்தின் உபயோகக் குறிப்பேடு. (அந்த இயந்திரத்தை வாங்கியவர் அதை இப்போது எப்படி ஓட்டுகிறாரோ தெரியவில்லை.) கதவு மூடாததால் சாரல் உள்ளே அடித்து, கீழ்த்தட்டிலிருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூஞ்சை பூத்திருந்தன. அந்த நான்கு மாதங்களில் ஒருவரும் எதையும் அள்ளிச் செல்லவில்லை. அள்ளிச் செல்லும்படி அதில் ஒன்றும் இல்லை.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதல்ல; சாதாரணக் கணக்குதான். நாற்பது புத்தகங்கள் கொள்ளும் ஒரு பெட்டியிலிருந்து வாரம் ஐந்து போகின்றன, ஐந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். வருபவற்றில் நான்கு யாராவது விரும்பக்கூடியவை, ஒன்று மட்டும் எவரும் தொடாதது. எடுப்பவர்கள் நல்லதையே தேர்ந்து எடுப்பார்கள். ஆகவே தொடப்படாத அந்த ஒன்று அங்கேயே தங்கும், அடுத்த வாரம் அது இரண்டாகும். இருபது வாரங்களில் பெட்டியின் பாதி இடம் அவற்றுக்குப் போய்விடும். நாற்பதாவது வாரத்தில் பெட்டி முழுவதும் எவருக்கும் வேண்டாதவையாகவே இருக்கும். உண்மையில் அவ்வளவு காலம்கூட ஆகாது. இரண்டு மூன்று முறை வந்து புத்தகங்களின் அதே முதுகட்டைகளையே பார்த்தவர் நான்காம் முறை நின்று பார்க்க மாட்டார். அவர் வராவிட்டால் அவர் கொண்டுவரும் நல்ல புத்தகமும் வராது. கொடுப்பவர்களில் ஐந்தில் நால்வர் சரியாகவே நடந்துகொண்டாலும் பெட்டி இந்தக் கதிக்கு வந்துவிடுகிறது என்பதைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய நூலகங்களில் பணியாற்றுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பயன் தீர்ந்த நூல்களை அலமாரியிலிருந்து அகற்றுவதை அவர்கள் களையெடுத்தல் என்றே சொல்கிறார்கள்; தகவல் காலாவதியாகிவிட்டதா, உடல் சிதைந்துவிட்டதா, அதைவிடத் திருத்தமான பதிப்பு வந்துவிட்டதா, பல ஆண்டுகளாக ஒருவரும் எடுக்கவில்லையா என்று பார்த்து நீக்குவது அவர்களுடைய அன்றாடப் பணிகளில் ஒன்று. இதற்கு எதிராக நண்பர் ஒருவர் என்னிடம் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனையே சாட்சிக்கு அழைத்தார். 1931இல் ரங்கநாதன் வகுத்தளித்த நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதுதானே, பிறகு எப்படி ஒரு புத்தகத்தை வெளியே தள்ளுகிறீர்கள் என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் அந்த வாசகர் இந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மருத்துவப் படிப்புக்கான தடித்த நூல் ஒன்று என் பெட்டியில் ஐந்து மாதம் கிடந்தால் அதற்குரிய வாசகரிடமிருந்து நான் அதை மறைத்து வைத்திருக்கிறேன் என்றுதான் பொருள். அந்தப் படிப்பு நடக்கும் ஓரிடத்துக்கு அதைச் சேர்ப்பித்தால்தான் மூன்றாம் விதி நிறைவேறும். மேலும், நூலகம் வளரும் உயிரி என்ற ஐந்தாம் விதியை விளக்குமிடத்தில், உயிருள்ளது புதியதை ஏற்கும், பழையதைக் கழிக்கும், வடிவம் மாறும் என்பதையும் அவர் சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஏற்பதை மட்டும் செய்து கழிப்பதைச் செய்யாத உடம்பு என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெட்டிகளின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் டாட் போல் என்பவர், ஆசிரியையாக இருந்த தம் தாயின் நினைவாக, பழைய வாகனக் கொட்டில் கதவின் மரத்தைக் கொண்டு ஓரறைப் பள்ளிக்கூடம் போன்ற சிறு பெட்டி ஒன்றைச் செய்து வீட்டு முன் கம்பத்தில் நிறுத்தினார். ரிக் புரூக்ஸ் என்பவர் அவரோடு சேர்ந்துகொண்டார். அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1883க்கும் 1929க்கும் இடையில் பணம் கொடுத்துக் கட்டுவித்த நூலகங்கள் 2,509. அதைவிட ஒன்று கூடுதலாக 2,510 பெட்டிகளை நிறுவ வேண்டும் என்று இருவரும் இலக்கு வைத்துக்கொண்டார்கள். 2012லேயே அதைத் தாண்டிவிட்டார்கள். லிட்டில் ஃப்ரீ லைப்ரரி என்ற அவர்களது அமைப்பில் பதிவான பெட்டிகள் பிற்பாடு ஒரு லட்சத்தையும் கடந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவின. டாட் போல் 2018இல் மறைந்தார். எண்ணிக்கையில் அவர்கள் கார்னகியை வென்றது எல்லோருக்கும் தெரிகிறது. கார்னகி தம் கொடைக்கு வழக்கமாக விதித்த நிபந்தனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நிலத்தை ஊர் தர வேண்டும். கட்டடத்துக்குக் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக ஒதுக்குவதாக ஊராட்சி உறுதி தர வேண்டும். தராவிட்டால் நூலகம் கிடையாது. திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடும், பத்து ஆண்டு கழித்துக் கூரை ஒழுகும்போது ஒருவரும் வரமாட்டார்கள் என்பதை அந்த வியாபாரி கணித்து வைத்திருந்தார். பெட்டியைப் பார்த்துக்கொள்பவருக்குக் காப்பாளர் என்று பெயர் கொடுத்து, அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று டாட் போலின் அமைப்பும் எதிர்பார்க்கிறது. பெட்டி வைத்துவிட்டு ஒளிப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பொறுப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

‘ஒரு புத்தகம் எடுங்கள், ஒரு புத்தகம் வையுங்கள்’ என்ற வாசகம் உலகெங்கும் இந்தப் பெட்டிகளின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு நியாயமாக ஒலிக்கும் இந்த வாசகமே இரண்டு தீங்குகளைச் செய்கிறது என்பது என் அனுபவம். கையில் ஏதாவது கொண்டுவந்தால்தான் எடுக்கலாம் போலும் என்று எண்ணுபவர், வீட்டிலுள்ளவற்றில் மிகவும் வேண்டாததைத் தேடிக் கொண்டுவருகிறார். மேலே சொன்ன நாற்பது வாரக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் புத்தகமே இல்லாதவரோ எடுக்காமலே போய்விடுகிறார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு நாட்கள் வந்து படக்கதைப் புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் தன் பள்ளிப் பாடநூலைக் கையில் எடுத்து வந்து, இதை வைத்தால் பரவாயில்லையா என்று கேட்டாள். அது அந்த ஆண்டுக்கான பாடநூல், இன்னும் பரீட்சை முடியவில்லை. அன்று மாலையே அந்த வாசகத்தின் பிற்பாதியைச் சுண்ணாம்பு பூசி அழித்துவிட்டேன். கனடாவைச் சேர்ந்த நூலகர்கள் இருவர் டொராண்டோ, கால்கரி நகரங்களில் இத்தகைய பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஆராய்ந்து 2017இல் எழுதியபோது, வசதி படைத்தவர்கள் வாழும் பகுதிகளிலும் பொது நூலகம் ஏற்கெனவே எட்டும் தூரத்தில் இருக்கும் இடங்களிலுமே அவை மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். கொடுப்பதற்குப் புத்தகம் உள்ளவர்கள் இருக்கும் இடத்தில் பெட்டி முளைப்பது இயல்புதான். ஆனால் கொடுக்க ஒன்றும் இல்லாதவரே பெட்டி யாருக்காக வேண்டுமோ அவர். அவரிடம் கைம்மாறு கேட்கும் பலகையை நாமே மாட்டி வைத்திருக்கிறோம்.

ஆகவே, கடிதம் எழுதிய அன்பர்கள் சொல்வதற்கு நேர்மாறான விதி ஒன்றை நான் கடைப்பிடிக்கிறேன். எடுப்பதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், திருப்பித் தர வேண்டியதில்லை, பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். வைப்பதற்குத்தான் கட்டுப்பாடு: இரண்டு புத்தகங்களுக்கு மேல் கொண்டுவருபவர் அழைப்பு மணியை அடித்து என்னிடம் தர வேண்டும். மணி அடிக்க வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே சாக்குமூட்டை வருவது நின்றுவிட்டது. நான் தேர்ந்து வைக்கத் தொடங்கினால் என் விருப்பு வெறுப்பும் தேர்வில் கலந்துவிடாதா என்று கேட்கலாம். கலந்துவிடும் ஆபத்து உண்டு. கருத்து பிடிக்காததற்காக எதையும் நீக்குவதில்லை என்பதை எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே வைக்கும் நாளில் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தேதி குறிப்பேன். மூன்று மாதம் கடந்தும் அங்கேயே இருப்பது, யார் எழுதியதாக இருந்தாலும், எனக்கு உயிரான எழுத்தாளருடையதாக இருந்தாலும், வெளியே போகும். அவ்வாறு என் அபிமான நாவலொன்றை இரண்டு முறை வெளியே எடுத்திருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

பதிவேடும் கேமராவும் வேண்டும் என்பதற்கு மறுமொழி சுருக்கமாகவே சொல்லலாம். தன் நோயைப் பற்றியோ, மணவிலக்குச் சட்டத்தைப் பற்றியோ, வீட்டார் விரும்பாத சமய நூலையோ ஒருவர் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் படிக்க முடிகிறது என்பது இந்தப் பெட்டியின் பெரிய சிறப்பு. அதன்மேல் ஒரு கண்ணைப் பொருத்தினால் அந்த வாசகர் அகன்றுவிடுவார். புத்தகம் எங்கே போயிற்று என்று அறிய ஆசைப்படுபவர்களுக்கு 2001 முதல் இயங்கிவரும் புக்கிராசிங் என்ற வலைத்தளம் இருக்கிறது. புத்தகத்தில் ஓர் எண்ணை ஒட்டி அனுப்பினால், கையில் கிடைத்தவர் மனமிருந்தால் அங்கே பதிவு செய்வார். மனமிருந்தால் என்பதே அதில் முக்கியம். கிளெக், குட்மன் என்ற கலைஞர்கள் இருவர் 1991இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் திறந்தவெளியில் நிறுத்திய புத்தக அலமாரிகளுக்கும் நூலகரோ காவலரோ இருந்ததில்லை.

கட்டுப்பாட்டைவிடக் கவனம் செலுத்த வேண்டிய இடம் தச்சு வேலை. பெட்டி செய்து தருகிறவர்கள் அழகுக்குக் கொடுக்கும் கவனத்தை நீருக்குக் கொடுப்பதில்லை. கூரை முன்பக்கம் நன்றாகச் சரிந்து கதவைத் தாண்டி நாலு விரற்கடையாவது நீண்டிருக்க வேண்டும். பிளைவுட்டின் வெட்டுவாய்தான் தண்ணீரைக் குடிக்கும் என்பதால் மற்ற இடங்களைக் காட்டிலும் விளிம்புகளுக்கு இருமடங்கு வண்ணம் பூச வேண்டும். அடித்தட்டில் சில துளைகள், பக்கச் சுவரில் கூரையை ஒட்டிக் காற்றுவழி, அவற்றுக்குப் பூச்சி புகாதபடி வலை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் பல நாட்கள் நீடித்தால் தாளில் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமில்லாமல் இறுக மூடிய பெட்டி மழையைத் தடுத்தாலும் புழுக்கத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். கண்ணாடிக் கதவு மேற்கு வெயிலைப் பார்த்திருந்தால் முதுகட்டைகள் ஓராண்டில் வெளிறி, பசை காய்ந்து, பக்கங்கள் உதிரத் தொடங்கும். கீழ்த்தட்டு குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும் உயரத்தில் இருப்பது நல்லது. ராமபாணப் பூச்சியோ வண்டோ இருக்குமோ என்று ஐயம் தோன்றும் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துவிட்டு, வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒருநாள் விட்டுவிட்டால் பெரும்பாலும் பூச்சிகள் மடிந்துவிடும். வீட்டில் இதற்கு எழும் எதிர்ப்பைச் சமாளிப்பது அவரவர் சாமர்த்தியம்.

எங்கே வைக்கிறோம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2014இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லீவுட் நகரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் வைத்த பெட்டியை, வீட்டுக்கு வெளியே அனுமதியில்லாத கட்டுமானம் என்று கூறி நகர நிர்வாகம் அகற்றச் சொன்னது. அவன் நகர மன்றத்தின் முன் நேரில் பேசிய பிறகே தற்காலிக விலக்கு கிடைத்தது. நடைபாதையில் ஒரு சாணளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் புகார் எழும் என்பதால், சொந்த எல்லைக்குள் வைப்பதும் குடியிருப்போர் சங்கத்திடமோ உள்ளாட்சியிடமோ எழுத்தில் ஒப்புதல் வாங்குவதும் பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

இந்தப் பெட்டிகள் பெருகினால் பொது நூலகங்களுக்குச் செலவழிப்பது தேவையற்றதாகிவிடும் என்று ஒரு கடிதத்தில் படித்தபோது திடுக்கிட்டேன். இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் வெஸ்ட்பரி சப் மெண்டிப் என்ற சிற்றூர், பயன்பாடு ஒழிந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஒன்றை ஒரே ஒரு பவுண்டு கொடுத்து வாங்கி 2009இல் புத்தகக் கூண்டாக்கியதை உலகமே வியந்து பாராட்டியது. அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த நடமாடும் நூலகம் நின்றுபோனதே அதற்குத் தூண்டுதல் என்பதைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்? வண்டி நிறைய நூல்களும், கேட்டால் தேடித்தரும் ஓர் ஊழியரும் இருந்த இடத்தில் ஒரு கூண்டு வந்தது. ஊர்மக்களின் முயற்சி போற்றத்தக்கது. ஆனால் இழந்ததற்கு அது ஈடாகாது. ஒரு குறிப்பிட்ட நூலை என் பெட்டியில் வந்து யாரும் கேட்க முடியாது. கேட்டால், அருகிலுள்ள பொது நூலகத்துக்கு எப்படிப் போவது, உறுப்பினராவது எப்படி என்று எழுதிக் கதவின் உட்புறம் நான் ஒட்டி வைத்திருக்கும் தாளைத்தான் காட்டுவேன்.

பெட்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்களிடம் தங்கள் வாயிலாக நான் கேட்டுக்கொள்வது இதுவே. பூட்டு வாங்க எண்ணியிருக்கும் பணத்தில் ஒரு தேதி முத்திரை வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாள், கால்மணி நேரம் ஒதுக்கி, மூன்று மாதத்தைக் கடந்தவற்றை எடுத்துவிடுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை வேறு தெருவின் பெட்டியோடு மாற்றிக்கொள்ளுங்கள், ஓர் இடத்தில் அசையாத புத்தகம் மூன்று தெரு தள்ளிப் போனால் மறுநாளே போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நனைந்ததையும் கிழிந்ததையும் தயங்காமல் பழைய காகிதத்துக்குப் போடுங்கள். ஊரைவிட்டுப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள்; நான் செய்யத் தவறியது அதுதான். சலவை இயந்திரக் குறிப்பேடு இன்னமும் என் மேசையில்தான் இருக்கிறது; உரியவர் வந்து மணி அடித்தால் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு புத்தகப் பெட்டியின் காப்பாளன்